பயிரைக் காக்க துப்பாக்கி லைசென்ஸ்: ஜவளகிரி விவசாயி எம்.பி.க்கு எழுதணுமா, எம்.எல்.ஏ.வுக்கா?

ஓசூரிலிருந்து தளி வழியாகப் போனால் ஜவளகிரி. பின்னால் விட்டுவந்த பக்கம் சிப்காட், ஷிப்ட் பஸ், எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள். முன்னால் காடு. அந்தக் காடு கர்நாடகாவின் பன்னர்கட்டா தேசியப் பூங்காவோடு சேர்ந்தே கிடக்கிறது. ராகி கதிர் முற்றும் பருவத்தில் யானைக் கூட்டம் எல்லை தாண்டி ஜவளகிரி காட்டுக்கு வந்து, தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் பிரிந்து போவது ஆண்டுதோறும் வரும் செய்தி. யானை வராத நாளில் காட்டுப்பன்றி வரும்.

இந்தப் பகுதியில் அடிக்கடி வரும் இன்னொரு செய்தியும் உண்டு. வனத்துறையும் காவல்துறையும் காட்டோர ஊர்களில் கூட்டம் போட்டு, 'லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி இருந்தால் நீங்களே கொண்டுவந்து ஒப்படையுங்கள்' என்று கேட்பது. சிலர் ஒப்படைக்கிறார்கள். ஒப்படைக்காமல் சிக்குபவர் சிறைக்குப் போகிறார்.

'பயிரைக் காக்கத்தானே துப்பாக்கி? அதை முறைப்படி கொடுத்துட்டா என்ன?' என்பது விவசாயிகளின் கேள்வி. இதை எம்.எல்.ஏ.விடம் சொன்னால் 'கலெக்டரைப் பாருங்க' என்கிறார்கள். கலெக்டர் ஆபீஸில் கேட்டால் 'வனத்துறை கருத்து வரணும்' என்கிறார்கள். வனத்துறையைக் கேட்டால் 'சட்டம் மத்திய அரசோடது' என்கிறார்கள். உண்மையில் யார் கையில் என்ன அதிகாரம்? யாருக்கு எழுதினால் வேலை நடக்கும்?

துப்பாக்கி வைத்திருப்பது இந்தியாவில் உரிமையா?

இல்லை. அமெரிக்காவில் அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை உரிமையாகச் சொல்கிறது. அதனால் அங்கே ஒருவர் தன் தொகுதி எம்.பி.க்குக் கடிதம் எழுதும்போது 'என் உரிமையில் கை வைக்காதே' என்று எழுத முடிகிறது. இங்கே அந்த வாதம் எடுபடாது.

சுதந்திரத்துக்கு முன் காங்கிரஸ் இதை வேறு மாதிரி பார்த்தது. 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டத்தை அது எதிர்த்தது. ஆனால் அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் எச்.வி.காமத், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. திருத்தம் விழுந்தது. கூடும் உரிமையைக் கொடுக்கும் 19-வது பிரிவே 'ஆயுதம் இல்லாமல்' கூடுவதைத்தான் அனுமதிக்கிறது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகள் பற்றிய ஒரு வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றமும், அமெரிக்காவைப் போல ஆயுதம் வைத்திருப்பது இங்கே அடிப்படை உரிமை இல்லை என்று குறிப்பிட்டது.

ஆக, துப்பாக்கி என்பது சட்டம் கொடுக்கும் அனுமதி. அந்த அனுமதியில் விவசாயிக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

ஆயுதச் சட்டத்தில் விவசாயிக்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது. பலருக்குத் தெரியாத விஷயம் இது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக, குழல் வாய் வழியாக மருந்து கிட்டித்துச் சுடும் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு லைசென்ஸ் 'வழங்க வேண்டும்' என்றே சொல்கிறது. அந்தத் துப்பாக்கி போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் நீளம் கொண்ட வேறு துப்பாக்கிக்கும் லைசென்ஸ் தரலாம்.

அதற்கடுத்த 14-வது பிரிவில், பொது அமைதிக்கும் பாதுகாப்புக்கும் தேவை என்றால் மறுக்கலாம் என்று இருக்கிறது. பெரும்பாலான மனுக்கள் நிற்பது இந்த இடத்தில்தான். ஆனால் அதே பிரிவு இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸ் மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்; மனுதாரர் கேட்டால், பொது நலனுக்குக் கேடு வரும் என்று கருதினால் ஒழிய, அதைக் கொடுக்க வேண்டும். மறுப்பை எதிர்த்து 18-வது பிரிவில் மேல்முறையீடும் செய்யலாம்.

லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால்? 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணத் துப்பாக்கிக்கே குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அதற்கு முன் இது 1 முதல் 3 ஆண்டாக இருந்தது. துப்பாக்கி செய்து கொடுப்பவருக்குக் குறைந்தது 7 ஆண்டு; ஆயுள் வரை போகலாம். 'தாத்தா காலத்துத் துப்பாக்கி, பரண் மேல கிடக்குது' என்பதெல்லாம் கோர்ட்டில் பதிலாகாது.

அப்புறம் ஏன் ஜவளகிரியில் கிடைக்க மாட்டேங்குது?

இங்கேதான் இரண்டாவது சட்டம் வருகிறது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு இது: சரணாலயத்திலிருந்து 10 கி.மீ. சுற்றளவுக்குள் புதிதாகத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுப்பதாக இருந்தால், மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். தேசியப் பூங்காக்களுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். மேற்கே பன்னர்கட்டா தேசியப் பூங்கா. கிருஷ்ணகிரி, தருமபுரி காடுகளைச் சேர்த்து 2014-ல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022-ல் காவிரி தெற்கு சரணாலயமும் வந்தது. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்தில் இந்த 10 கி.மீ. கணக்குக்குள் வரும் ஊர்கள் ஏராளம்.

அதாவது 1959 சட்டம் 'பயிருக்குத் துப்பாக்கி கொடு' என்றது. 1972 சட்டம், காட்டை ஒட்டிய ஊர்களில் அந்தக் கதவுக்கு இன்னொரு பூட்டு போட்டது. பன்றித் தொல்லை எங்கே அதிகமோ அங்கேதான் லைசென்ஸும் கடினம். இரண்டு சட்டத்துக்கும் தனித்தனியே நியாயம் இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது காட்டோர விவசாயி.

லைசென்ஸ் கிடைத்துவிட்டால் சுடலாமா?

முடியாது. மனு எழுதும் பலர் தவறவிடும் இடம் இதுதான். துப்பாக்கி வைத்திருக்க அனுமதி வேறு, விலங்கைச் சுட அனுமதி வேறு.

காட்டுப்பன்றி இப்போது வன உயிரினச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. 2022-ல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை அங்கே வைத்தது. லைசென்ஸ் துப்பாக்கியால் சுட்டாலும், அனுமதி இல்லாவிட்டால் அது வேட்டைதான், வழக்குதான். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள நல்லெண்ணத்தோடு சுட்டால் குற்றமில்லை என்று 11-வது பிரிவு சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு ஆளுக்கு மட்டுமே. ராகிக்குக் கிடையாது.

அதே 11-வது பிரிவில் இன்னொரு வழியும் இருக்கிறது. இரண்டாவது அட்டவணையில் உள்ள விலங்கு மனித உயிருக்கோ, நிலத்தில் நிற்கும் பயிர் உட்பட சொத்துக்கோ ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரியோ கருதினால், காரணத்தை எழுதி, 'எந்த ஒரு நபருக்கும்' அதைச் சுட அனுமதி தரலாம். வனத்துறை ஊழியருக்கு மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

தமிழ்நாடு என்ன முடிவு எடுத்தது?

2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டப்பேரவையில் இதை அறிவித்தார். காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை காட்டுப்பன்றியைச் சுட முடியாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்து மீண்டும் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால் வனத்துறையே சுடும். விவசாயியின் கையில் துப்பாக்கி இல்லை.

காட்டிலிருந்து தள்ளியிருக்கும் மாவட்டங்களுக்கு இந்த ஏற்பாடு உதவலாம். ஜவளகிரி மாதிரி காட்டை ஒட்டிய ஊர்களில் பல வயல்கள் முதல் இரண்டு வளையத்துக்குள்ளேயே அடங்கிவிடும். பிடித்து விட்ட பன்றி மறுபடியும் அதே வயலுக்கு வர எத்தனை நாள் ஆகும் என்பது விவசாயிக்குத் தெரியும்.

கேரளா வேறு வழியில் போனது. 2022 மே மாதம், ஊராட்சி, நகராட்சித் தலைவர்களுக்கு கௌரவ வன உயிரினக் காப்பாளர் என்ற தகுதியைக் கொடுத்து, அவர்கள் உத்தரவிட்டால் லைசென்ஸ் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்கள் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று அந்த அரசு முடிவெடுத்தது. விஷம், வெடி, மின்சாரம் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே மத்திய சட்டம்தான். வித்தியாசம் மாநில அரசின் முடிவில் இருக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவில் குடகு மக்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் லைசென்ஸே தேவையில்லை என்ற பழைய விலக்கு இருக்கிறது. மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல் அது செல்லும் என்றது. ஜவளகிரிக்காரர்கள் இதை உதாரணம் காட்டுவது இயல்பு. ஆனால் அது பிரிட்டிஷ் காலத்திலிருந்து வரும் தனி வரலாறு. வேட்டைத் தடை குடகுக்கும் உண்டு.

சரி, யாருக்கு எழுதினால் எது நடக்கும்?

எம்.பி.: ஆயுதம், வெடிபொருள் இரண்டும் அரசியலமைப்பின் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. ஆயுதச் சட்டத்தையோ, 34-வது பிரிவின் 10 கி.மீ. நிபந்தனையையோ மாற்றச் சொல்ல வேண்டுமானால் கிருஷ்ணகிரி எம்.பி.க்கு எழுத வேண்டும். ஒரு விலங்கைக் குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்குத் 'தொல்லை விலங்கு' என்று 62-வது பிரிவில் அறிவிப்பதும் மத்திய அரசின் கையில். 2015, 2016-ல் பிகார், உத்தராகண்டில் காட்டுப்பன்றிக்கு அப்படி அறிவிப்பு வந்தது. கேரளா கேட்டபோது மத்திய அரசு மறுத்துவிட்டது. எம்.பி. மக்களவையில் கேள்வி கேட்கலாம், விதி 377-ன் கீழ் பிரச்சினையை எழுப்பலாம்.

எம்.எல்.ஏ.: வன விலங்குப் பாதுகாப்பு பொதுப் பட்டியலில் வருகிறது. 1-3-3 கி.மீ. வளையத்தை மாற்றுவது, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களைச் சேர்ப்பது, வேலிக்கு நிதி, இழப்பீட்டில் தாமதம் எல்லாம் மாநில அரசின் வேலை. தளி எம்.எல்.ஏ. இதைக் கேள்வியாகவோ கவன ஈர்ப்பாகவோ பேரவையில் கொண்டுபோகலாம். பேரவையின் மனுக்கள் குழுவுக்கும் நேரடியாக எழுதலாம். 'எனக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுங்க' என்று எம்.எல்.ஏ.வுக்கு எழுதுவது வீண். அந்த அதிகாரம் அவரிடம் இல்லை.

மாவட்ட ஆட்சியர்: லைசென்ஸ் மனு இங்கே. மறுப்புக்குக் காரணம் கேட்பதும் இங்கே. எத்தனை பயிர்ப் பாதுகாப்பு மனுக்கள் வந்தன, எத்தனை நிராகரிக்கப்பட்டன என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். அந்த எண்ணிக்கை கையில் இருந்தால் எம்.பி.க்கு எழுதும் கடிதத்துக்கு எடை கூடும்.

கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. ஒருவரின் மனுவை விட ஊரின் தீர்மானத்துக்கு மதிப்பு அதிகம். கிருஷ்ணகிரி உள்ளிட்ட மாவட்டங்களில் 2019-ல் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். பன்றி பற்றிய அறிவிப்பு பேரவையில் வந்ததும் அதே மாதம்தான். கேரளா மாதிரி அதிகாரத்தை ஊராட்சித் தலைவரிடம் கொடுக்கச் சொல்பவர்கள், தலைவர் இல்லாத காலத்துக்கும் சேர்த்துப் பதில் கேட்க வேண்டியிருக்கும்.

கடிதம் எழுதி எதாவது மாறியிருக்கா?

மாறியிருக்கிறது. 2019 நவம்பரில் மக்களவைக்கு வந்த ஆயுதச் சட்டத் திருத்த மசோதா, ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பதை 1 ஆகக் குறைக்கச் சொன்னது. பரம்பரைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள், துப்பாக்கி சுடும் வீரர்கள், சில மாநில எம்.பி.க்கள் எதிர்ப்பு சொன்னார்கள். டிசம்பரில் மசோதா நிறைவேறியபோது அந்த எண் 2 ஆகியிருந்தது. அவர்களின் கோரிக்கை சிறியது, தெளிவானது: 'இந்தப் பிரிவில் இந்த எண்ணை மாற்றுங்கள்'.

அதே மசோதாதான் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்குத் தண்டனையைக் கூட்டியது. அதனால் அதிகம் பாதிக்கப்படுவோரில் காட்டோரக் கிராமத்து ஏழை விவசாயியும் உண்டு. எழுதத் தெரிந்தவர்களின் துப்பாக்கி கணக்கில் வந்தது. எழுதாதவர்களின் துப்பாக்கி பரணிலேயே குற்றமாகிக் கிடந்தது.

துப்பாக்கி கொடுத்தால் பிரச்சினை தீருமா?

முழுசாகத் தீராது. ஜவளகிரி பக்கத்தில் பெரிய இழப்பு யானையால். யானை முதல் அட்டவணை விலங்கு. எந்த விவசாயிக்கும் அதைச் சுட அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. நாட்டுத் துப்பாக்கியின் ரவை யானையை உடனே கொல்லாமல் காயப்படுத்திவிடலாம். காயம்பட்ட யானை ஊருக்குள் திரிந்தால் அடுத்த நாள் ஷிப்ட் முடிந்து பைக்கில் வீடு திரும்புபவருக்குத்தான் ஆபத்து.

பன்றி என்று நினைத்து இருட்டில் ஆளைச் சுட்ட வழக்குகளும் உண்டு. பயிருக்கென்று வாங்கிய துப்பாக்கி மான் வேட்டைக்குப் போவதும் புதிதில்லை. லைசென்ஸ் தர அதிகாரிகள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த வாரங்களில் பன்றி ஓய்வெடுக்காது.

அதே சமயம், சட்டப்படி எந்த வழியும் இல்லாதபோது விவசாயி சும்மா இருப்பதில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, வயலைச் சுற்றிப் போட்ட சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 பெண் யானைகள் இறந்தன. 2 குட்டிகள் தாயில்லாமல் நின்றன. அவுட்டுக்காய், சுருக்குக் கம்பி, மின்வேலி எல்லாமே துப்பாக்கியை விடக் கண்மூடித்தனமானவை. எது வந்து மாட்டும் என்று வைத்தவருக்கே தெரியாது. ஆகவே, யானைக்கு வேலி, பன்றிக்கு முறையான அனுமதி என்று இரண்டையும் பிரித்துக் கேட்பதுதான் நடக்கக்கூடிய கோரிக்கை. ஓசூர் வனக்கோட்டத்தில் தென்னாப்பிரிக்க மாதிரியில் எஃகுக் கம்பிவட வேலி போட்ட அனுபவமும் இருக்கிறது.

மனுவில் என்ன இருக்க வேண்டும்?

ஒரு கடிதத்தில் ஒரே ஒரு கோரிக்கை. சர்வே எண், பயிர், சேதம் நடந்த தேதிகள், வனத்துறையில் கொடுத்த புகாரின் நகல், போட்டோ. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து வயல் எத்தனை மீட்டர் என்பது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பது. கடைசியாக, பேரவையிலோ மக்களவையிலோ கேட்கத்தக்க ஒரு கேள்வி. உதாரணத்துக்கு: 'காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்குள் பயிர் வைத்திருக்கும் விவசாயிக்கு 11-வது பிரிவில் அனுமதி தருவதைப் பற்றி அரசு பரிசீலிக்குமா? இல்லை என்றால் அவருடைய சேதத்துக்கு எத்தனை நாளில் இழப்பீடு கிடைக்கும்?'

'எங்களுக்குத் துப்பாக்கி கொடு' என்ற மனுவை எந்த அலுவலகமும் அடுத்த மேசைக்குத் தள்ளிவிட முடியும். இந்தக் கேள்வியை அமைச்சர் அப்படித் தள்ள முடியாது. ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அவை பதிவேட்டில் ஏறும். ஊரில் நிலமும் ஓசூரில் வேலையும் வைத்திருக்கும் இளைஞர்கள் ஜவளகிரி பக்கம் நிறைய இருக்கிறார்கள். கூகுள் மேப்பில் வயலுக்கும் காட்டுக்கும் தூரம் அளந்து, இந்த ஒரு பக்கக் கடிதத்தை அப்பாவின் பெயரில் டைப் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.